இது எந்தக் கோலு?

என் பெரியப்பாவுக்கு இரும்பு டேப் என்றாலே ‘துணிக்கடைச் சாமான்’தான். எங்கள் ஊர் கொட்டாரத்தில் இருந்த தச்சுப் பட்டறைக்கு முதல் டேப் வந்தபோது எனக்குப் பதினேழு வயது. நாகர்கோவிலில் வாங்கிவந்து, பொத்தானை அமுக்கினால் அது சர்ரென்று உள்ளே ஓடுவதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “சட்டைக்கு அளவெடுக்கப் போறியாலே?” என்றார்.

அவரிடம் இருந்தது தேக்கில் செய்த கோல். இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். இருபத்துநாலு விரல், விரலுக்கு மூன்று சென்டிமீட்டர், ஆக 72. சாஸ்திரத்தில் 25, 26, 27 விரல் கோல்களும் உண்டு. திருவிதாங்கூர் வீடுகளுக்கு எங்கள் பக்கம் புழங்கியது இந்த 24 விரல் கோல்தான். பழைய வீட்டில் ரிப்பேர் வேலை என்று போனால் உளியைப் பையிலிருந்து எடுக்கவே விடமாட்டார். நேராக நிற்கிற இரண்டு தூண்களைப் பார்த்து, ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்குக் கோலை வைத்து வைத்துப் போவார். முழுக்கோலாகவோ அரைக்கோலாகவோ கால்கோலாகவோ வந்து விழுந்தால் முகம் மலரும். விழாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து, “இது எந்தக் கோலு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் கூலி போகிறதே என்று முகம் சுளிப்பார். நானும்தான் சுளித்தேன்.

அவர் என்னைப் பத்மநாபபுரம் கூட்டிப்போனது அதற்குப் பிறகு. தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிற அரண்மனை. 1956-ல் குமரி மாவட்டம் இந்தப் பக்கம் வந்தபிறகும் அதைப் பார்த்துக்கொள்வது கேரள அரசுதான். எல்லாரும் முன்கட்டான பூமுகத்தின் மச்சைப் பார்த்து வாய்பிளப்பார்கள். மரத்தில் தொண்ணூறு பூக்கள், ஒன்றைப்போல ஒன்று இல்லை. கீழே சீன வியாபாரிகள் கொடுத்ததாகச் சொல்லும் ஒரு நாற்காலி. உள்ளே போனால் பெரிய பெரிய சீனப் பரணிகள். பெரியப்பா இவை எதையும் பார்க்கவில்லை. அரண்மனைக்குள்ளேயே இருக்கும் தாய்க் கொட்டாரத்துக்குப் போய், கைமரம் உத்தரத்தில் உட்காருகிற இடத்தை அண்ணாந்து பார்த்தபடி அரைமணி நேரம் நின்றார். காவலாளி சந்தேகப்பட்டுக் கூடவே நின்றார்.

சீன நாற்காலியைப் பார்த்துவிட்டு, ‘நம்ம ஊர்க் கூரையே சீனாக்காரன் கொண்டுவந்ததுதான்’ என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கூரையைச் சரித்தது மழை. இடவப்பாதி மழை இரண்டு மாதம் அடிக்கிற ஊரில் எந்தத் தச்சனும் கூரையைச் சரித்துத்தான் வைப்பான். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நான்தான் பிற்பாடு ஒரு சீனக்கிழவியின் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு நான் முதலில் போனது 2009-ல், ஒரு கோயிலுக்கு வாகனமும் கதவும் செய்ய. நம் ஊரிலிருந்து ஸ்தபதிகள் போகும்போது தச்சனையும் சேர்த்துக்கொள்வார்கள். மயிலாடிக் கல்வேலைக்காரர்கள் இரண்டுபேரும் கூட வந்தார்கள். அந்த வேலை முடிந்து ஊர் வந்தேன். அடுத்த வருடம் அங்கே பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிற ஒரு காண்டிராக்டர் எனக்கு முறையாகப் பெர்மிட் எடுத்து அழைத்தார். அப்படி ஆறு வருடம்.

பினாங்கில் எனக்கு வேலை கிடைத்த ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர். தெருத்தெருவாகக் கடைவீடுகள். கீழே கடை, மேலே குடித்தனம். முகப்பு இருபதடிகூட இருக்காது, உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே எல்லா வீட்டையும் இணைத்துக்கொண்டு ஓடும் நடைபாதைக்குக் காக்கி லீமா, ஐந்தடி என்று பெயர். வெயிலில் காயாமல், மழையில் நனையாமல் தெரு முழுக்க நடக்கலாம். இப்போது பாதி இடத்தில் மோட்டார் பைக் நிற்கிறது, அது வேறு கதை.

அந்த வீடுகள் கெட்டுப்போன கதையை அங்கே டீக்கடையில்கூடச் சொல்வார்கள். 1966-லிருந்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. வாடகை ஏறாது, அதனால் வீட்டுக்காரன் ஓடுகூட மாற்றமாட்டான். ஆனால் இடிக்கவும் முடியாது. 1997-ல் சட்டத்தை ரத்துசெய்து, 2000 பிறந்ததும் வாடகை திறந்துவிடப்பட்டது. குடித்தனக்காரர்கள் வெளியேறினார்கள். காலியான வீடுகள் பலவற்றில் உழவாரக் குருவிகளைக் குடியேற்றினார்கள். எச்சிலால் கட்டுகிற அந்தக் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துச் சாப்பிடுவார்கள், விலை அதிகம். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, குருவிச் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, வீட்டுக்குள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வார்கள். மரத்துக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. 2013 முடிவதற்குள் பாரம்பரியப் பகுதியிலிருந்து குருவிப் பண்ணைகளை எடுத்துவிட வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. எனக்கு வேலை வந்த வீடுகளில் சிலது அப்படிக் குருவி போன வீடுகள்.

ஆர்மேனியன் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. மேல்தளத்து உத்தரங்கள் இரண்டு சுவருக்குள்ளும் புதைந்திருக்கும். முன்பு இருந்தவர்கள் சுவருக்குச் சிமெண்டு பூசியிருந்தார்கள். தரையிலிருந்து செங்கலில் ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு என்றால் வழியெங்கும் ஆவியாகிப் போய்விடும். சிமெண்டு விடாது. அது மேலே ஏறி, கடைசியில் உத்தரத்தின் வாயில்போய் நிற்கும். நடுமரத்தை உளியின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்கிறது. முனையில் விரலை வைத்தால் புட்டுமாதிரி உதிர்கிறது. நான் ஊர்ப் பழக்கத்தில், “எல்லாத்தையும் தூக்கிட்டுப் புதுசு போட்டுருவோம்” என்றேன். அந்த வேலையைப் பார்த்த ஆர்க்கிடெக்ட் ஒரு மலாய்க்காரப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். கெட்டுப்போன ஒன்றரை அடியை மட்டும் வெட்டி, அதே சாதி மரத்தில் சாய்வெட்டாக ஒட்டுப் போடச் சொன்னார். ஒரு உத்தரத்துக்கு இரண்டு நாள். புது மரம் என்றால் அரைநாள். பதினான்கு உத்தரம். கணக்குப் போட்டுப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. அவர் அசையவில்லை.

சுண்ணாம்பு விஷயத்தில் மட்டும் நான் அவருக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தேன். சிப்பிச் சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டுப் புளிக்கவைப்பது எங்கள் ஊரில் கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உள்பூச்சுக்குப் பெயரே மெட்ராஸ் சுண்ணாம்புதானாம். 1850-களின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன கைதிகளை வைத்துக் கட்டியது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்தார்களாம். பத்மநாபபுரத்துத் தரையில் கொட்டாங்கச்சிக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்த கதையை நான் சொன்னேன். அன்றைக்கு வேலை கொஞ்சம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது.

நான் தப்புச் செய்தது வாசலில். அந்த வீட்டின் முன்வாசல் நிலை இரண்டு பக்கமும் உளுத்திருந்தது. மேலாக உளுத்ததுதான், ஆழத்தில் மரம் நன்றாக இருந்தது. இழைப்புளியால் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சீவி எடுத்தேன். மழமழவென்று வந்தது. உள்வாய் 112 சென்டிமீட்டராக இருந்தது 114 ஆயிற்று. கதவில் அந்த இரண்டு சென்டிமீட்டரைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், யார் பார்க்கப்போகிறார்கள்?

வீட்டுக்காரரின் தாயார் பார்த்தார். எண்பதைத் தாண்டியவர். தினமும் மாலை வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார். எல்லாரும் அமா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். ஹொக்கியன் பாஷையில் அது பாட்டி. அவர் என்னைத் தம்பி என்பார். பினாங்குச் சீனர்களுக்கு அந்த வார்த்தை பழக்கம். அன்று எழுந்துவந்து கைப்பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தார். சாதாரண இரும்பு டேப்தான், ஆனால் எண்களுக்குக் கீழே சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள், கட்டத்துக்குள் சீன எழுத்து. நிலையின் உள்வாயில் வைத்துப் பிடித்தார். 112-ல் விரலை வைத்து, “மேரா,” என்றார். சிவப்பு. 114-க்கு விரலை நகர்த்தி, “ஹீத்தாம்.” கறுப்பு. பிறகு என்னைப் பார்த்து மலாயில் கேட்டது எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. வாசலில் திருடனைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறாயே என்கிறார் என்று மகன் பிற்பாடு சொன்னார்.

அது லூபான் கோல். லூபான் சீனத் தச்சர்களுக்கு மூலபுருஷர், நமக்கு விஸ்வகர்மா மாதிரி. ஜார்ஜ் டவுனில் லவ் லேன் தெருவில் தச்சர் சங்கம் அவருக்குக் கோயிலே கட்டிவைத்திருக்கிறது. அவர் பெயரில் வழங்கும் அந்தக் கோல் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். அதை எட்டுப் பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பாகம் செல்வம், கடைசிப் பாகம் மூலதனம், நடுவில் உள்ள இரண்டு நீதியும் பதவியும். இந்த நாலும் சிவப்பு. இடையில் வருகிற நோய், பிரிவு, கொள்ளை, கேடு நாலும் கறுப்பு. எட்டும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. 112 பதவியின் கடைசி ஓரத்தில் நிற்கிறது. அரை சென்டிமீட்டருக்கு மேல் தாண்டினால் கொள்ளை. நூறு வருடத்துக்கு முன்னால் நிலையை வைத்த சீனத் தச்சன் சும்மா வைக்கவில்லை.

எனக்கு அந்த நிமிடம் முதலில் வந்தது வெட்கம். அடுத்தது பெரியப்பா. எங்கள் கணக்கும் எட்டுதான். சுற்றளவைக் கோலில் எடுத்து, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுத்து, மிச்சத்தைப் பார்க்கிற யோனிக் கணக்கு. ஒன்று கொடி, மூன்று சிங்கம், ஐந்து இடபம், ஏழு யானை. ஒற்றைப்படை எல்லாம் நல்லது. இரட்டைப்படையில் புகை, நாய், கழுதை, காக்கை. அவர்களுக்குச் சிவப்பு நாலு கறுப்பு நாலு, நமக்கு ஒற்றை நாலு இரட்டை நாலு. சின்ன வயதிலிருந்து இதை மனப்பாடமாகச் சொல்கிறவன், அடுத்தவன் வீட்டில் போய்க் கோல் எது என்று கேட்காமல் இழைப்புளியை ஓட்டிவிட்டேன்.

சீவின மரத்தை மறுபடி ஒட்டமுடியாது. அதே வீட்டின் பின்கட்டில் கழித்துப்போட்டிருந்த பழைய பலகையிலிருந்து இரண்டு பட்டை அறுத்து, பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வருகிற மாதிரி நிலையோடு பொருத்தினேன். மூன்று நாள் வேலை, கூலி கேட்கவில்லை. அமா வந்து டேப்பை வைத்தார். சிவப்பு. தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார். கிட்டப்போய்ப் பார்த்தால் அந்த ஒட்டு இன்றைக்கும் தெரியும். தெரியட்டும் என்று ஆர்க்கிடெக்டும் சொல்லிவிட்டார்.

பதினான்கு உத்தரத்துக்கு அவர் ஏன் அத்தனை பிடிவாதம் பிடித்தார் என்பது எனக்கு அதன்பிறகுதான் உறைத்தது. கட்டினவன் வரைபடம் வைத்துவிட்டுப் போகவில்லை. அவன் அளவு எல்லாம் மரத்தில்தான் இருக்கிறது. மரத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு டேப்பில் 112 என்று எழுதிவைத்தால், அடுத்து வருகிறவன் அதை 115 என்று முழுசாக்கிக்கொள்வான். நானே செய்தேனே.

மலாய் வீட்டு வேலை அதற்கு இரண்டு வருடம் கழித்து, தீவின் மேற்குப் பக்கம் பாலிக் புலாவில். கம்பம் வீடு, அதாவது மலாய் கிராமத்து வீடு. எங்கள் ஊர்க்காரனுக்கு அதைப் பார்த்ததும் ஒரு பயம் வரும், ஏனென்றால் வீடு தரையில் இல்லை. மரக்கால்களில் நிற்கிறது. கால்கள் மண்ணுக்குள்ளும் புதையவில்லை, கல் மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. கரையானும் ஈரமும் ஏறாமல் இருக்க அந்தக் கல். பொருத்துகளில் ஆணி கிடையாது. துளைக்குள் குறுக்குமரத்தைச் செருகி, பாசாக் என்கிற மர ஆப்பை அடித்து இறுக்கியிருப்பார்கள். ஆப்பைத் தட்டினால் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். கிளந்தானில் கம்போங் லாவுட் பள்ளிவாசல், ஆணியில்லாமல் செங்கால் மரத்தில் கட்டியது, 1960-களின் வெள்ளத்துக்குப் பிறகு அப்படித்தான் பிரித்து நீலம் பூரிக்குக் கொண்டுபோய்த் திரும்ப நிறுத்தினார்கள். கோலாலம்பூரில் ஜாலான் ஸ்டோனரில் நிற்கிற பெங்குலு அபு செமான் வீடும் கெடாவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்ததுதான்; அதை மீட்டது பாடான் வாரிசான் என்ற பாரம்பரிய அமைப்பு.

செங்கால் என்பது மரத்தின் பெயர். நம் வேங்கையைவிடக் கெட்டி. ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் உளியைத் தீட்டாமல் முடியாது.

வீட்டின் நடுப்பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் ரூமா ஈபு. ஈபு என்றால் தாய். தாய் வீடு. அடுக்களையும் முன்திண்ணையும் பிறகு காசு வரும்போது சேர்த்துக்கொள்வது. தாய்க் கொட்டாரத்தைச் சுற்றி ஒவ்வொரு ராஜாவும் ஒவ்வொரு கட்டு சேர்த்த மாதிரி. நான் இதை அங்கிருந்த பெரிய தச்சரிடம் சொல்ல முயன்றேன். எழுபது வயதுக்காரர், எல்லாருக்கும் அவர் ‘பாக்’. என் மலாய்க்கு அது எட்டவில்லை. பெட்டி என்றால் பெத்தி, கடை என்றால் கெடாய், கப்பல் என்றால் காப்பால் என்கிற அளவில்தான் எங்களுக்குள் பாஷை ஒட்டியது.

ஒன்றில் மட்டும் பேச்சு தேவைப்படவில்லை. காலின் அடிப்பாகம் இரண்டடி அழுகியிருந்தது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கி, அழுகியதை அறுத்துவிட்டு, ஒட்டுக்கு ஒரு கட்டையை எடுத்தேன். பாக் கையை நீட்டி நிறுத்தினார். கட்டையின் இரண்டு முனையையும் காட்டி, “பங்கால்?” என்றார். வேர்ப்பக்கம் எது? மரம் வளர்ந்தபடி வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே நிற்கவேண்டும். தலைகீழாக நிறுத்திய தூண் வீட்டுக்கு ஆகாது என்று பெரியப்பாவும் சொல்வார். ரேகையைப் பார்த்து வேர்ப்பக்கத்தைத் தட்டிக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் தன் வெற்றிலைப் பெட்டியை என் பக்கமும் நகர்த்தினார்.

ஆனால் அளவு என்னை அலைக்கழித்தது. தூணுக்குத் தூண் இடைவெளி எங்கேயும் அடிக்கணக்கில் வரவில்லை, என் கோலிலும் வரவில்லை. லூபான் டேப்பையும் வைத்துப் பார்த்தேன், அது என் புத்தி. பாக் சிரித்தார். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக் காட்டினார். டெபா. கையை விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை. யாருடைய கை? வீட்டுக்காரியின் கை. வீடு கட்டும்போது அந்த வீட்டில் வாழப்போகிற பெண்ணை நிற்கவைத்து அளவெடுப்பார்களாம்.

அந்தப் பெண் இறந்து முப்பது வருடத்துக்கு மேலிருக்கும். வீட்டில் அசையாமல் நேராக நின்ற இரண்டு மரக்கால்களுக்கு நடுவே பாக் ஒரு மூங்கில் குச்சியைப் பிடித்து, சரியாக வெட்டி, பாகம் பாகமாகக் கோடு போட்டு, அதைச் சுவரோரம் நிறுத்திக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தன் தோளுக்குக் கீழே கையை வைத்து உயரம் காட்டிச் சொன்னார்: “குட்டைதான்.” வீட்டுப் பிள்ளைகள், ஆமாம், பாட்டி குட்டை என்றார்கள். அந்த மூங்கில் குச்சியை வைத்துத்தான் மிச்ச வேலை முழுக்கச் செய்தோம்.

2016-ல் ஊர் திரும்பினேன். அடுத்த வருடமே கொட்டாரத்திலிருந்து மைல் கணக்கில் தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில், நடுமுற்றம் வைத்த நாலுகெட்டு வீட்டைப் பிரிக்கக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் ஒருவர் சென்னையில், ஒருவர் வெளிநாட்டில். பலா, அயனி மரத்தில் கட்டிய வீடு. தூணாகவும் கதவாகவும் பிரித்து விற்க ஒரு வியாபாரி வந்திருந்தார். நல்லவேளை, அதற்குமுன் விடுதி கட்டுகிற ஒருவர் வீட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிரிக்கும்போது பார்த்தேன், ஒவ்வொரு பொருத்திலும் உளிமுனையால் ௧, ௨, ௩ என்று பழைய தமிழ் எண் வெட்டியிருந்தது. நான் சாக்பீஸ் வாங்கி வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

பிரிக்குமுன் பெரியப்பாவின் கோலை எடுத்துக்கொண்டுபோய் வைத்தேன். நடுமுற்றம் நீளம் நாலு கோல், அகலம் மூன்றரை. சுற்றளவு 15. மூன்றால் பெருக்கினால் 45, எட்டால் வகுத்தால் மிச்சம் ஐந்து. இடபம். ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

புது இடத்தில் எஞ்சினியர் வரைபடத்தைக் காட்டினார். எல்லாம் அடிக்கணக்கு. மனை பத்தவில்லை, முற்றத்தின் நீளத்தில் ஒரு அடி குறைத்துவிடுங்கள் என்றார். யோனி கெடும் என்று நான் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. எனக்கே அந்தப் பலன்களில் முழு நம்பிக்கை கிடையாது. ஆனால் முற்றத்தில் ஒரு அடி குறைந்தால் நீளவாக்கில் ஓடுகிற உத்தரம் அத்தனையும் குறையும். உத்தரம் குறைந்தால் மூலைக் கைமரங்கள் சேராது. அவற்றின் வெட்டு மாறினால் மற்றக் கைமரங்கள் ஒவ்வொன்றையும் புதிதாக அறுக்கவேண்டும். பழைய பொருத்து ஒன்றுகூட மிஞ்சாது. இதை ஒரு பேப்பரில் போட்டு, ஆகிற கூலியையும் மரச்செலவையும் எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை விடுதிக்காரரே போன் செய்தார். “ஆசாரியே, செப்டிக் டேங்கை ரெண்டடி தள்ளிப் போட்டுட்டோம். நீங்க உங்க கோலுப்படி நிறுத்துங்க.”